நூறு ரூபாய்க்கு ஒரு முகம்

ஒன்பது கைகளும் உயர்ந்தன.

அவள் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள்.

ஒன்பதுதான்.

நாட்டின் நூறு ரூபாய் நோட்டில் யார் முகம் என்று இந்தக் குழு நான்கு வருஷமாக அடித்துக்கொள்கிறது. முகத்தை எஃகுத் தகட்டில் செதுக்குவது அவள் வேலை. ஒரு முகத்துக்கு எட்டு மாதம். நான்கு முகம் செதுக்கியாயிற்று. நான்கும் அலமாரியில் தூங்குகின்றன.

முதலில் சுதந்திரத் தளபதி. தாடி வடக்கத்தித் தாடி மாதிரி இருக்கிறது என்று தெற்கு உறுப்பினர்கள் எழுந்து போனார்கள்.

அடுத்து கவிஞர். "இவரு படம் போட்ட நோட்டை நீட்டினா சாராயக் கடைக்காரன் எழுந்து நின்னு கும்பிடுவான்யா" என்றார் ஒருவர். அதோடு சரி.

பிறகு ராணி. மூக்குத்தி இடமா வலமா என்று வாரிசுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு மனுக் கொடுத்தார்கள்.

நான்காவது, கொள்ளைநோயை விரட்டிய டாக்டர். எல்லோருக்கும் சம்மதம். தகடு முடிந்த அன்றுதான் தெரிந்தது, டாக்டர் சாகவில்லை. கடல் தாண்டி மகள் வீட்டில் இருக்கிறார். தொண்ணூற்றாறு வயது.

உயிரோடு இருப்பவர் முகம் நோட்டில் வரக் கூடாது. குழுவின் முதல் விதி.

காத்திருந்தார்கள். தலைவர் மாதம் ஒருமுறை நலம் விசாரித்துக் கடிதம் போட்டார். மாதம் ஒருமுறை டாக்டர் தன் கையாலேயே பதில் எழுதினார்.

பதினான்கு மாதம்.

அவளுக்கு ஓய்வு வயது தாண்டி இரண்டு வருஷம். ஒரு முகம் தேறாமல் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். வலது கண்ணில் புரை. "இன்னொரு தகட்டைத் தொட்டீங்கன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்றுவிட்டார் கண் வைத்தியர்.

இன்று காலை பூதக்கண்ணாடியையும் மூன்று உளிகளையும் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். தேறினாலும் வீடு. தேறாவிட்டாலும் வீடு.

இப்போது ஒன்பது கை.

கரையோரத்து உறுப்பினர் அவள் காதருகே குனிந்தார். "எங்க பக்கத்து வீராங்கனைதானே? சத்தம் போடாதீங்க. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா கெடுத்துப்புடுவானுங்க."

மலைநாட்டு உறுப்பினர் மறு காதில் அதையே சொன்னார்.

வீராங்கனையா?

தலைவர் முன்னால் விரிந்திருந்த கோப்பில் எந்த முகம் என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

பேச்சியம்மாள்.

அவள் மாமியார்.

புது மை சரியாக இறங்குகிறதா என்று பார்க்க அச்சகத்துக்கு ஒரு பரீட்சை முகம் வேண்டியிருந்தது. சுருக்கம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. அவள் வீட்டில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து முறைக்கிற ஆள் ஒருவர்தான் உண்டு. அவரையே ஒரு தகட்டில் கீறிக் கொடுத்திருந்தாள். அதை அச்சடித்துப் பார்த்த தாளை எவனோ தவறிக் கோப்பில் சேர்த்திருக்கிறான்.

இது யார் என்று ஒருவரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

முப்பத்தொரு வருஷம் முறைத்த முகம். குழம்பா குளத்துத் தண்ணியா என்று கேட்கத் தயாராய் நிற்கும் உதடு. இனிப் பால்காரனிடம், பஸ்ஸில், மருந்துக் கடையில், எங்கே நோட்டை எடுத்தாலும் இதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

போகட்டும். முழித்துத் தொலைக்கலாம். வீட்டுக்குப் போனால் போதும்.

தலைவர் ஒரு படிவத்தைத் தள்ளினார். "பேரு, பொறந்த வருஷம், காலமான வருஷம். மூணே மூணுதான். எழுதிட்டுக் கெளம்புங்கம்மா. புண்ணியமாப் போகும்."

பெயர் எழுதினாள்.

பிறந்த வருஷம் எழுதினாள்.

மூன்றாவது கட்டம்.

வெறுமனே விட்டால் தலைவர் மாதாமாதம் கடிதம் போட ஆரம்பித்துவிடுவார். போன வருஷத்தைப் போட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நான்கு எண். அவ்வளவுதானே. அடுப்படியில் நின்றுகொண்டு, இது போய்ச் சேராதா என்று அவள் நினைக்காத நாள் உண்டா?

பேனாவை ஊன்றினாள். ஓர் எண் விழுந்தது.

இரண்டாவதும்.

கைப்பேசி அதிர்ந்தது. வீடு.

"உப்பை எங்கடி ஒளிச்சு வச்சே? பட்டினி போட்டு என்னைச் சாகடிக்கப் பாக்குறியா?"

குரல் ஒன்பது பேருக்கும் கேட்டது.

பேனா நின்றது.

"மேல்தட்டுல, அத்தை. நீல மூடி டப்பா." எழுதிய இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முக்காலி போட்டு ஏறாதீங்க. ஏறாதீங்கன்னா ஏறாதீங்க. நான் வந்து எடுத்துத் தர்றேன்."

"நீ வந்து, நான் தின்னு!" வைத்துவிட்டாள் கிழவி.

அவள் படிவத்தை நாலாகக் கிழித்தாள்.

"மை பரீட்சைக்குப் போட்ட தாளுங்க. தவறி வந்திருக்கு."

ஒன்பது முகங்களும் சுருங்கின. இப்போது அதில் எதை வேண்டுமானாலும் மைப் பரீட்சைக்குச் செதுக்கலாம் போலிருந்தது.

யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார். யாரோ தேநீர் கேட்டார். தலைவர் பெருமூச்சு விட்டுக் கடிதத்தாளை முன்னால் இழுத்தார். "டாக்டருக்கு இன்னொண்ணு போட்டுப் பாப்பமா?"

"அதுக்கு எங்க கரைப்பக்கத்து வீராங்கனையையே..." என்று ஆரம்பித்தார் ஒருவர்.

"யாரு? அவங்க மலைக்காரங்கய்யா!"

அவள் மடியைப் பார்த்தாள். உளிகளை வைத்துக் காலையில் போட்ட முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்துக்கு வரவில்லை.

பல்லால் கடித்து அவிழ்த்தாள்.