எல்லாருக்கும் கேட்டது

பந்து சுண்ணாம்புப் புள்ளியில் இருந்தது. நாலு எட்டு பின்னால் ரேமி, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான்.

கோட்டுக்கு வெளியே நின்ற செல்மா பந்தைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்தாள்.

இரண்டு பக்கமும் பெனால்டி அடித்து அடித்து, துவால் ஊர்ப் பையன்களுக்கு ஒரே ஒரு உதை பாக்கி. உள்ளே போனால் கோப்பை அவர்களுக்கு.

உதைக்க வேண்டியவன் அவள் பையன். பதிமூன்று வயது. இப்போதுதான் குரல் உடைந்திருந்தது.

அரையிறுதியிலும் இப்படி ஒரு பெனால்டி வந்தது. ரேமி எப்போதும்போல நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஓடிவந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, தென்னைகளுக்கு நடுவே எங்கோ போய் விழுந்தது.

"டேய், உன் சாமிக்குப் பந்தாட்டம் தெரியலடா!"

கூட்டத்தில் எவன் கத்தினான் என்று தெரியவில்லை. மைதானமே சிரித்தது. அணிப் பையன்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அணியில் ரேமி ஒருவன்தான் கிறிஸ்தவன்.

ஆட்டத்தை எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து ரேமி சிலுவை போடுவதை விட்டுவிட்டான். மைதானத்தில் மட்டுமில்லை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும், படுக்கப் போகும்போதும்.

"ஏண்டா?" என்று கேட்டாள்.

"விடும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

செல்மா வறுத்த மீனை அவன் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

ஞாயிறுதோறும் அவனை உலுக்கி எழுப்பி, தலையில் தண்ணீர் தடவிச் சீவி, பாலம் தாண்டி லாங்கூர் கோயிலுக்குப் பூசைக்குக் கூட்டிப்போகிறவள் அவள்தான். முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டவளும் அவள்தான். சிறுவயதில் ஜெபத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டுத் தூங்கப் பார்ப்பான். "முதல்லேருந்து சொல்லு" என்று உட்கார வைத்துவிடுவாள்.

அத்தனையும் ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒளிந்துகொண்டதே என்று அவளுக்கு ஆறவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். மைதானம் மூச்சை அடக்கியது.

ரேமியின் வலது கை தொடையை விட்டு இலேசாக எழும்பியது. கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். கை மறுபடி இறங்கிவிட்டது.

"ரேமி!"

அந்த அமைதியில் செல்மாவின் குரல் கடற்கரை வரைக்கும் போயிருக்கும்.

"சிலுவை போட்டுட்டு அடிடா!"

அத்தனை தலைகளும் திரும்பின. பக்கத்தில் நின்ற ஹலிமா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, சும்மா இருங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!" என்றாள் செல்மா. அதுவும் மைதானத்துக்கே கேட்டது.

ரேமியின் காதுகள் சிவந்துபோயின. ஒரு கணம் அம்மாவையே பார்த்தான்.

பிறகு கையைத் தூக்கினான். நெற்றி. நெஞ்சு. இடது தோள். வலது தோள். அவசரமே இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

விசில் ஒலித்தது.

நாலே எட்டு. கோல்காப்பவன் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து தரையை உரசிக்கொண்டு வலது கம்பத்தின் உட்புறம் முட்டி, வலைக்குள் சுருண்டு விழுந்தது.

அப்புறம் ஒரே கூச்சல். கோட்டைத் தாண்டி ஜனம் உள்ளே பாய்ந்தது. ரேமி கட்டிப்பிடிக்க வந்த பயிற்சியாளரைத் தாண்டி, மேலே விழுந்த பையன்களை உதறிவிட்டு, நேராக அம்மாவிடம் ஓடிவந்தான். வியர்வையும் சேறுமாக அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இவன் எப்போது இவ்வளவு வளர்ந்தான் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மானத்த வாங்கிட்டம்மா! எல்லாருக்கும் கேட்டுச்சு!" சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"கேக்கட்டும்டா, என் ராசா."

அணித்தலைவன் இர்ஃபான் வந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். பையன்கள் எல்லாரும் அவன் பெயரைக் கத்திக்கொண்டே, ஊரைச் சுற்றி வர லாரியை நோக்கி ஓடினார்கள்.

சூரியன் கடலில் இறங்கியிருந்தது. துறைமுகத்துப் பள்ளிவாசலிலிருந்து மாலைப் பாங்கு கேட்டது.

செல்மா தோளில் நழுவிக் கிடந்த முக்காட்டைத் தலைக்கு இழுத்து ஊசி குத்தினாள். ஹலிமாவோடு நடந்துபோய், முகம் கை கால் கழுவி ஒளு செய்தாள். பெண்கள் வரிசையில் தன் வழக்கமான இடத்தில் நின்றாள்.

ரேமியைப் பெற்றவள் தெக்லா. சந்தையில் செல்மாவுக்குப் பக்கத்துக் கடை. பையன் நடக்கத் தொடங்கிய வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். தன் பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் என்ன கேட்டிருப்பாள் என்று செல்மாதான் யோசித்துப் பார்த்து முடிவு செய்தாள். எத்தனையோ ஞாயிறுகள் கோயிலுக்கு வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து, பூசை முடியட்டும் என்று காத்திருந்தாள்.

தொழுகை முடிந்து, செல்மா இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினாள்.

"யா அல்லா, தெக்லாகிட்ட சொல்லிடு. உன் பையன் ஜெயிச்சிட்டான்னு."

கொஞ்சம் யோசித்தாள். தெக்லா சந்தையில் மீன் வெட்டிக்கொண்டே வானொலியில் ஆட்டம் கேட்கிறவள். சும்மா விடமாட்டாள், விவரம் கேட்பாள்.

"வலது மூலை," என்று சேர்த்துக்கொண்டாள். "தரையோட தரையா."