வலது தோள்

"முதல் சுற்றுலயே அந்த குவார்ட்டர்பேக் மார்லனை எடுத்துடலாமா?" என்று கேட்டார் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் மேலாளர் கிரேடி.

"வேணாம் சார், குவார்ட்டர்பேக்னா பந்து வீசுறதுதான் வேலை, அவனுக்கு அந்தத் தோளே சரியில்ல" என்றான், அணிக்கு ஆள் பார்த்துச் சொல்லும் வென்டல்.

சுத்தப் பொய். "எதிராளிங்க வந்து மோதுறப்போ அவனைக் காப்பாத்த உங்க டீம்ல ஆளில்ல. போன வருஷப் பையனுக்கு முட்டியே போச்சு. என் பிள்ளையை விட்டுடுங்க தம்பி" என்று சோறு போட்டுக் கெஞ்சியிருந்தாள் மார்லனின் அம்மா.

அடுத்த வாரம், அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு நாள். இரண்டு சுற்று முடிந்தும் மார்லனை எந்த அணியும் சீண்டவில்லை. வென்டல் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

மூன்றாவது சுற்றில் மார்லனை எடுத்தது கிரேடிதான்!

"பலே ஆளுய்யா நீ!" என்று வென்டலின் முதுகில் தட்டினார் கிரேடி. "அவன் தோள் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் ரிப்போர்ட் என்கிட்டயும் இருக்கு. உன் தோள் கதையை நான்தான் ஊரெல்லாம் பரப்பினேன். மூணாவது சுற்றுன்னா சம்பளம் கம்மி, சல்லிசா மாட்டினான் பாரு!"

வென்டலின் கைபேசி அடித்தது. மார்லனின் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"என் பிள்ளை தோள் கெட்டுப்போச்சுன்னு எந்தப் பாவி சொன்னான், தம்பி?"