உதைக்காத துப்பாக்கி

கடையில் மூன்றாவதாகக் காட்டிய ரிவால்வரைக் கையில் பிடித்தபோதுதான் இசக்கியம்மாளின் வலது மணிக்கட்டு நடுங்காமல் நின்றது. புருஷனை வெட்ட வந்தவர்களைத் தடுக்கப்போய் அரிவாள்வெட்டு வாங்கிய மணிக்கட்டு. அந்தக் கொலைக்கு அவள் ஒருத்திதான் சாட்சி. லைசென்சுக்காக இரண்டரை வருஷம் கலெக்டர் ஆபீஸ் படியேறியிருந்தாள்.

“மொதல்ல பாத்தது எடை கம்மி, சுட்டா கழுத மாதிரி கைய உதைக்கும். இது கொஞ்சம் கனம், அதனால உதைக்காது. உங்க கைக்கு இதான் தாங்கும்,” என்றார் கடைக்காரர் சேவியர்.

அவள் அதை இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து மூடிக் கண்ணாடியில் பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“இதையே குடுங்க அண்ணாச்சி.”

பில் போட உட்கார்ந்தவர் பேனாவைத் திறக்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்தல் தேதியை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

“யம்மா, இனிமே லைசென்சு துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் திருப்பித் தருவாங்க.”

“அதுக்கு ரெண்டு மாசம் ஆவுமே. எனக்குப் பத்தொம்பதாம் தேதி கோர்ட்டுல சாட்சி.”

சேவியர் பில் புத்தகத்தை மூடினார்.

“அவனுவ அரிவாளையும் ஸ்டேஷன்ல வாங்கி வைப்பாங்களா அண்ணாச்சி?”

அவள் ரிவால்வரை உருவி மேஜைமேல் வைத்தாள். முந்தானையைப் பழையபடி இழுத்து மூடிக்கொண்டு மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெறும் இடுப்பில் கையை அழுத்திப் பிடித்தபடியே தெருவில் இறங்கினாள்.