எச்சில் படாத கோப்பை

அந்தக் கோட்டையின் நிலவறைக்குள் இறங்கும்போதே மங்கையர்க்கரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரான்ஸுக்கு வந்து அவர்கள் பார்க்கும் மூன்றாவது கோட்டை. ஒவ்வொன்றின் உச்சிக்கும் அவள்தான் முதலில் ஏறினாள். சபாபதி மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்தார். இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். ஆகி ஒரு மாதம்கூட முடியவில்லை.

கோட்டையைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டத்தின் ஒயினை, தோட்டக்காரர் பீப்பாயிலிருந்து பிடித்து ஜோடிக்கு ஒரு கோப்பையாகக் கொடுத்தார். அவளுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் மது. அதிலேயே சபாபதியும் குடிக்க வேண்டுமே என்று, வீட்டில் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தில் அண்ணாந்து, கோப்பையை உயரத் தூக்கி, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றிக்கொண்டாள். சிவப்பு நூல் மாதிரி இறங்கியது ஒயின். புளித்தண்ணீரில் பூவை ஊறப்போட்டது போல ஒரு ருசி. ஒரு சொட்டு சிந்தவில்லை. சுற்றி நின்றவர்களின் பேச்சு அடங்கிப்போனது. தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். யாரோ கைதட்டத் தொடங்க, நிலவறையே அதிர்ந்தது.

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் மிச்சத்தை நீட்டினாள். "எச்சில் படலைங்க. தாராளமா குடிங்க."

சபாபதி வாங்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் மின்னிய அந்தச் சுத்தமான விளிம்பையே பார்த்தார்.

"படட்டுமே" என்றார் மெதுவாக.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் கோப்பையை மறுபடி வாயருகே கொண்டுபோனாள். இந்த முறை உயர்த்தவில்லை.