விடுபட்ட கட்டம்

அன்று லேபுக்கு வந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் டாக்டரின் கிறுக்கலும் டீக்கறையும்தான் இருந்தன. பெயர் இல்லை, வயது இல்லை, நோய் இல்லை. டெக்னீஷியன் யோகப்பிரியா சீட்டை மேசைமேல் வீசினாள்.

“த்தூ! எழுதக்கூடக் கை வலிக்குதா இவங்களுக்கு?”

டாக்டருக்கு உறைக்கட்டும் என்று அவளே மனம்போனபடி நிரப்பினாள். பெயர் சின்னையன், வயது நாற்பது. நோய் விவரம்: செத்து நாளாயிற்று. வார்டு எழுதுவதற்குள் போன் அடித்தது, எழுந்து போனாள்.

திரும்பியபோது வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியிருந்தார்கள். ஜன்னலருகே ஒருவர் மட்டும் நின்றார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். அழுகல் வாடை அடித்தது.

“நாந்தானுங்க சின்னையன். எல்லாஞ் செரியா எழுதிட்டீங்க அம்மணி. வார்டு மட்டும் உட்டுட்டீங்களே, நா எங்கீங்க போய்ப் படுக்கறது?”