மூன்றாம் எண்

“மூணாம் நம்பர் வேணாம் சார்,” என்றாள் வசந்தினி.

தரையோரக் காற்றில் மூச்சுக்குக் கேடான ஓசோன் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகள் மூன்று. செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை உறையிலிட்டு ஒட்டிவிட்டு, மாதிரிகளுக்கு எண் மட்டும் இட்டு அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு வருட அளவீடுகளோடு அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். தேறும் மாதிரியை நம்பித்தான் ஜொகூர் பாரு நகரப் பள்ளிகளுக்கு எச்சரிக்கை போகும்.

பிரிவுத் தலைவர் சிவகணேசன் முகம் சுளித்தார்.

“மத்த நேரமெல்லாம் சரியாத்தானே சொல்லுது? கொஞ்சம் பார்த்துப் போடும்மா. ஏழு வருஷ உழைப்பு லா.”

“மத்தியானம் மூணு மணிக்குக் குறைச்சுச் சொல்லுது சார். பெர்மாஸ் ஜெயா பக்கம் பள்ளிப் பிள்ளைங்க திடல்ல ஓடுற நேரம். அதுங்களுக்கு மூச்சுத் திணறினா, உழைப்பு வந்து தாங்குமா?”

நிராகரிப்புத் தாளில் கையெழுத்திட்டாள்.

அவர் மெல்ல உறையைப் பிரித்து, உள்ளிருந்த பட்டியலை அவள் பக்கம் திருப்பினார். மூன்றாம் எண்ணுக்கு நேரே அவளுடைய பெயர் இருந்தது.

“தெரியாமப் பண்ணிட்டே. தாளைக் கிழிச்சிடலாம், இன்னொரு தடவை பாரு.”

“முதல் வரைபடத்திலேயே தெரிஞ்சிடுச்சு சார்,” என்றாள் வசந்தினி. “அந்த மூணு மணித் தப்பைத்தானே ஏழு வருஷமா திருத்திக்கிட்டு இருக்கேன்.”