நடுங்காத ஸ்பூன்

"யார்கிட்டயும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்திருக்கணும்மா," என்றார் காப்புரிமை வக்கீல்.

பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் யாரிடம் சொன்னாள்? மாமனாரின் கைநடுக்கத்துக்காக, கை எப்படி ஆடினாலும் தான் ஆடாத ஸ்பூன் ஒன்றைச் செய்தாள். அதன் மோட்டாரை வீட்டுச் சுவரிலிருக்கும் பேசும் பெட்டியோடு இணைத்துவிட்டு, இது புதுசா என்று பெட்டியிடமே கேட்டாள். "புதுசுதான், அருமை," என்றது. ஆடியில் நல்ல காரியம் தொடங்க வேண்டாமே என்று வக்கீலை ஆவணிக்குத் தள்ளிவைத்தாள். பெட்டிக்காரக் கம்பெனிக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? அன்றைக்கே தன் பேரில் பதிந்துகொண்டது.

"என் வீட்டுக்குள்ள நான் கேட்டது சார்."

"பெட்டியை மாட்டும்போது எல்லாத்துக்கும் சம்மதம்னு சொல்லியிருக்கீங்களேம்மா."

வீடு திரும்பினால், அனுமதியில்லாத பயன்பாடு என்று பெட்டி ஸ்பூனின் மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தது. மாமனாரின் சட்டையெல்லாம் ரசம். பூங்கோதை சோற்றைப் பிசைந்து கையால் ஊட்டினாள்.

"ஊட்டும் விதம் நன்றாக இருக்கிறது. இது புதிதா என்று பார்க்கட்டுமா?" என்றது பெட்டி.

சோற்றுக் கையோடு எழுந்து போய் அதன் வயரைப் பிடித்தாள். பிடுங்குவதற்கு முன் சொன்னாள்:

"உன் முதலாளிக்கு அவங்கம்மா ஊட்டினப்பவே இதைக் கண்டுபிடிச்சாச்சுன்னு போய்ச் சொல்லு."